லிட்டர் ஒன்றுதான்; ஓட்டம் ஒன்றா?

திருத்தணி முருகனைத் தரிசிக்க 365 படிகள் ஏறலாம். முடியாதவர்கள் மலைப்பாதையில் வண்டியிலும் போகலாம்.

வண்டிக்காரர்கள் இப்போது ஒரு குறை சொல்கிறார்கள். "முன்பு போல மைலேஜ் கிடைக்கவில்லை!" என்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில் அளவு குறைகிறதோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால், 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். அது வாங்குகிறவரின் உரிமை.

ஆனால், அளவு சரியாக இருந்தாலும் ஓட்டம் குறையும். ஏன்? பெட்ரோலே மாறிவிட்டது!

100 பங்கு பெட்ரோலில் 20 பங்கு எத்தனால் கலக்கிறார்கள். இது கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றில் இருந்து எடுக்கும் எரிசாராயம். 2022-ம் ஆண்டில் 10 பங்காக இருந்தது, 2025-ல் 20 பங்கு ஆனது. எல்லை தாண்டி நகரியில் போட்டாலும் இதே கதைதான்.

பாலில் தண்ணீர் கலப்பது குற்றம். இது அப்படி அல்ல. சட்டப்படி நடக்கும் கலப்பு. ஆனாலும், எத்தனாலின் சக்தி பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இதனால் எவ்வளவு நஷ்டம்? நிதி ஆயோக் நிபுணர் குழு 2021-லேயே கணக்குச் சொன்னது. பழைய மோட்டார் சைக்கிளில் 3 முதல் 4 சதவீதம் குறையும். பழைய காரில் 6 முதல் 7 சதவீதம் குறையும். அதாவது, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய மோட்டார் சைக்கிள் 48 கிலோமீட்டர்தான் ஓடும். இந்தக் கலப்புக்கென்றே செய்த புது வண்டிகளில் நஷ்டம் குறைவு.

எத்தனால் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொட்டும் பணம் மிச்சமாகிறது. திருத்தணி வட்டாரத்திலும் கரும்பு விளைகிறது. கரும்பு விவசாயிக்கு நாலு காசு கிடைத்தால் நல்லதுதான்.

நன்மை நாட்டுக்கு, நஷ்டம் மட்டும் பழைய வண்டிக்காரருக்கா?

சக்தி குறைந்த பெட்ரோலுக்கு விலையும் குறைய வேண்டும் என்று அதே குழு சொன்னது. எத்தனாலின் கொள்முதல் விலையே கூடிவிட்டது என்று 2025-ல் அரசு பதில் சொன்னது. அப்படியானால் வரியிலாவது குறைக்கலாமே!

உண்மையைச் சொல்வதற்குச் செலவு இல்லை. ஒவ்வொரு பங்க்கிலும் எத்தனால் எவ்வளவு என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

தணிகை மலைக்கு எத்தனை படி என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கும் லிட்டரில் பெட்ரோல் எத்தனை பங்கு என்பதும் தெரியட்டும்!