வலைத்தளமா, வலையா?

“மருமவனே, அருவியில தண்ணி விழுதா? வேன் பேசிரட்டுமா?”

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் வாழும் நம்மில் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. சிவகாசியிலிருந்து மாமா கேட்பார். மதுரையிலிருந்து சித்தி கேட்பார். அருவிக்குப் பொறுப்பாளர்கள் நாம்தாம் என்பது அவர்கள் எண்ணம்! முன்பெல்லாம் இதற்கு விடை கூறுவது எளிது. தெருவில் இறங்கி மேற்கே பார்த்தால், மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஐயம் இருந்தால், குற்றாலத்திலிருந்து வரும் பேருந்தில் ஈரத்தலையோடு இறங்குபவரைக் கேட்கலாம். இப்போது மாமா அதை ஏற்பதில்லை. “செல்லுல பாத்துச் சொல்லுப்பா” என்கிறார்.

சென்ற ஆண்டு அவ்வாறு பார்க்கப் போய் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. தேடியதும் ஒரு செய்தித்தளம் முதலில் வந்து நின்றது. ‘குற்றாலம் செல்வோர் கவனத்திற்கு! வெளியான முக்கிய அறிவிப்பு!’ என்று தலைப்பு. என்ன அறிவிப்பு என்பது தலைப்பில் இல்லை. திறந்தேன். ‘உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா?’ என்று ஒரு பெட்டி வழிமறித்தது. அதை விலக்கினால், ‘குக்கீகளை ஏற்கிறீர்களா?’ என்று மற்றொன்று. அதையும் விலக்கினால், ‘எங்கள் செயலியைப் பதிவிறக்குங்கள்’ என்று மூன்றாவது. இதற்கிடையில் பக்கத்தின் மூலையில் ஒரு வீடியோ தானாகவே ஓடத் தொடங்கி, பேருந்தில் இருந்தோர் அனைவரும் என்னைத் திரும்பிப் பார்க்கும்படி அலறியது. அதை மூடும் பெருக்கல் குறியோ கடுகளவு! விரலை வைத்தேன், கடன் தரும் நிறுவனமொன்றின் பக்கம் திறந்துகொண்டது. திரும்பி வந்தால் மீண்டும் முதற்பெட்டி.

ஒருவழியாக உள்ளே புகுந்தால், தென்னகத்தின் ‘ஸ்பா’ என்று குற்றாலத்தின் பெருமையை மூன்று பத்திகளில் விளக்கி, நான்காவது பத்தியில் ‘குளிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். மாமாவுக்குச் சொன்னேன். அவர் வேனை ரத்து செய்தார், முன்பணம் போயிற்று. மாலையில் அதே பக்கத்தை மறுபடி பார்க்கிறேன், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் ஒரு தேதி இருக்கிறது. செய்தி மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது! அன்று அருவிகள் அனைத்திலும் மக்கள் மகிழ்ந்து குளித்துக்கொண்டிருந்தனர்.

நல்லவேளையாகப் பிழை அந்தப் பக்கமாக நேர்ந்தது. வெள்ளம் வரும் நாளில் பழைய செய்தியை நம்பி, “கிளம்பி வாங்க மாமா” என்று சொல்லியிருந்தால்? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றதை நம் பகுதியினர் எவரும் மறந்திருக்க மாட்டோம். அருவியில் இன்று குளிக்கலாமா என்பது பொழுதுபோக்குச் செய்தியன்று. அதற்கு விடை ஒரே வரி. அந்த வரியை நான்காம் பத்தியில் ஒளித்து வைப்பதும், தேதியை மங்கலாக அச்சிடுவதும் சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பேரருவியின் மேலே கட்டப்பட்டுள்ள வளைவை எண்ணிப் பாருங்கள். ‘பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது’ என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அந்த வளைவுதான். தண்ணீர் அதைத் தாண்டிவிட்டால் ஆபத்து. எழுத்தறியாத பாட்டியும், மொழி அறியாத கேரள நண்பரும், கூட்டத்தின் கடைசியில் நிற்பவரும் ஒரே பார்வையில் அதைப் புரிந்துகொள்கின்றனர். அதைப் படிப்பதற்கு எந்தப் பெட்டியையும் மூட வேண்டியதில்லை. கல்லும் சுண்ணாம்பும் அறிந்த கொத்தனாருக்குக் கைவந்த இந்தக் கலை, கணிப்பொறி அறிந்தவர்களுக்கு ஏன் கைவரவில்லை?

கைவராமல் இல்லை, பல இடங்களில் வேண்டுமென்றே விடப்படுகிறது என்பதே என் கருத்து. இலவசமாகச் செய்தி தரும் தளம் விளம்பரத்தால் வாழ்கிறது. நாம் எவ்வளவு நேரம் அங்கே தடுமாறுகிறோமோ அவ்வளவு அதற்கு வருவாய். ஆகவே விடையை முதல் வரியில் கூறிவிட்டால் அதற்கு நட்டம்! செய்தித்தளமாவது பிழைக்க வேறு வழியில்லை என்று ஒருவாறு மன்னிக்கலாம். பொருள் விற்கும் தளங்களின் சூழ்ச்சி அத்தகையதன்று. ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் 2010-ஆம் ஆண்டில் இவ்வகை உத்திகளுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் சூட்டினார். ‘கள்ள வடிவமைப்பு’ என்று நாம் கூறலாம். அறை பதிவு செய்யும்போது ‘இன்னும் ஒரே அறைதான் மீதி’ என்று அவசரப்படுத்துவது, நாம் கேளாத காப்பீட்டைக் கணக்கில் சேர்த்துவிடுவது, முதலில் ஒரு விலை காட்டிப் பணம் கட்டும் கட்டத்தில் வேறு விலை காட்டுவது, சேரும் வாசலை அகலமாகவும் விலகும் வாசலை ஊசித்துளையாகவும் அமைப்பது — இவையெல்லாம் அதில் அடங்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இத்தகைய 13 உத்திகளைப் பட்டியலிட்டு அவற்றைத் தடை செய்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் முறையிடலாம் என்பதையாவது நினைவில் வைத்துக்கொள்வோம்.

சூழ்ச்சி ஏதுமின்றி, அறியாமையாலேயே துன்புறுத்தும் தளங்கள் வேறொரு வகை. அவற்றில்தான் மாணவர்களாகிய நாம் அதிகம் சிக்குகிறோம்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த கதையைக் கேளுங்கள். (அந்தத் தளத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவையெல்லாம் ஒழுங்கானவை என்று பொருளாகிவிடும்.) முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். தமிழருக்கு ஏது குடும்பப்பெயர்? தந்தையின் பெயரில் முதல் எழுத்துத்தான் நமக்கு முன்னெழுத்து. அதை முன்னே போட்டால் ஆதாரோடு பொருந்தவில்லை; பின்னே போட்டால் மதிப்பெண் பட்டியலோடு பொருந்தவில்லை; புள்ளி வைத்தால் ‘சிறப்புக் குறிகள் அனுமதிக்கப்படா’ என்று சிவப்பெழுத்து. பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்க நாட்காட்டியை மாதம் மாதமாகப் பின்னோக்கித் தள்ள வேண்டும். பிறந்த மாதம் வரை இருநூறு தடவைக்கு மேல்! கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டி ‘நீங்கள் மனிதர்தானா?’ என்று ஒரு தேர்வு. அதிலும் தேறி, சான்றிதழ்களைத் தேடி எடுத்து வந்தபோது, ‘உங்கள் நேரம் முடிந்தது’ என்று கூறி, எழுதியதையெல்லாம் அழித்துவிட்டது.

மூன்று நாள் போராடிவிட்டு, நான்காம் நாள் அவள் இரண்டு பேருந்து மாறித் தென்காசிக்கு வந்து, கணினி மையத்தில் பணம் கொடுத்து விண்ணப்பித்தாள். அவள் தாயார் பீடி சுற்றுபவர். ஒரு நாள் கூலியின் பெரும்பகுதி அதற்குச் சென்றது. வீட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம் என்றுதானே இணையம் வந்தது? எனக்கு வருத்தம் தந்தது செலவு மட்டுமன்று. “எனக்குத்தான் தெரியல, நான்தான் மக்கு” என்று அவள் சொன்னாள். வகுப்பில் முதல் மாணவி அவள்! கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் திகைத்தால் குற்றம் கதவினுடையது என்று டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1988-இல் ஒரு நூலே எழுதினார். அந்த நூல் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் கதவின் குற்றத்தைத் தம் தலையில் ஏற்றிக்கொள்வோர் நம் ஊரில்தான் எத்தனை பேர்!

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அது கனவன்று. பிரிட்டிஷ் அரசு சிதறிக் கிடந்த தன் தளங்களைத் திரட்டி 2012-இல் ஒரே தளமாக்கியது. அதில் ஓடும் எழுத்தில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மை போன்ற பக்கங்கள். 2013-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அதற்குத்தான் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்ற விருதை அளித்தது. அதன் விண்ணப்பங்களில் ஒரு பக்கத்திற்கு ஒரே கேள்வி. பிறந்த நாளை மூன்று சிறு கட்டங்களில் நாமே எண்ணால் எழுதிவிடலாம். பிழை நேர்ந்தால் ‘தவறு’ என்று மட்டும் கூறாமல், எதை எப்படித் திருத்த வேண்டும் என்றும் கூறும். பெயருக்கும் தீர்வு உண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, பல நாட்டுப் பெயர்முறைகளை விளக்கி, பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையிலேயே தேவைதானா என்று வடிவமைப்பாளர்களைச் சிந்திக்கச் சொல்கிறது. ஒரே நீளக் கட்டம் வைத்தால் நம் முன்னெழுத்துச் சிக்கல் அன்றே தீரும்.

விதிகளுக்கும் பஞ்சமில்லை. அதே கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் 1999 முதல் உள்ளன. எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு வேறுபாடு வேண்டும், பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நேரம் முடியுமுன் எச்சரித்து நீட்டிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றெல்லாம் அவை வரையறுக்கின்றன. நம் நாட்டு அரசுத் தளங்களுக்கென 2009-இல் வெளியான நெறிமுறைகள் 2023-இல் மூன்றாம் பதிப்பு கண்டுவிட்டன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பளித்தது. அமில வீச்சால் பார்வையும் முகமும் சிதைந்தவர்கள், கேமராவின் முன் கண் சிமிட்ட முடியாததால் வங்கிச் சேவை பெற இயலாமற்போன வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஆக, நெறியும் உண்டு, தீர்ப்பும் உண்டு. அவற்றை வடிவமைப்பவரின் மேசைக்குக் கொண்டு செல்வோர்தாம் இல்லை.

தமிழ் பற்றியும் ஒரு சொல். எழுத்துருக் குழப்பத்தில் பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் போய்விட்டது. ஒருங்குறி வந்து அந்த இடர் தீர்ந்தது. இன்றைய இடர் வேறு. ‘தமிழ்’ என்ற பொத்தானை அழுத்தினால், படித்துக்கொண்டிருந்த பக்கம் தமிழில் வருவதற்குப் பதில் முகப்புக்குத் தள்ளிவிடுகிறது. மாநிலம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நிலை’ என்றும், முகப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வீடு’ என்றும் எழுதியிருக்கும் தமிழை எந்த மனிதர் படித்துப் பார்த்தார்? சுற்றறிக்கையைப் படமெடுத்து ஏற்றிவிடுகிறார்கள். பார்வையற்ற மாணவரின் கைப்பேசி அதை வாசிக்க முடியாமல் ஊமையாகிறது. தட்டச்சு செய்து ஏற்றினால் பத்து நிமிட வேலை.

“எளிமை எளிமை என்கிறாயே, அழகு வேண்டாமா?” என்று கணினித்துறை நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். குற்றாலத்துச் சித்திர சபையில் சுவரெல்லாம் ஓவியம். ஆயினும் ஓவியத்தை வாசலில் நிறுத்தி வழியை அடைக்கவில்லையே! அழகுக்குக் கனமும் ஒரு விலை. இந்தக் கட்டுரை முழுவதையும் ஒருங்குறியில் சேமித்தால் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்று கைப்பேசியில் திறக்கும் இடைத்தரமான இணையப் பக்கமோ 2 மெகாபைட்டுக்கும் மேல். ஐம்பது மடங்குக்கும் மேல். மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும் ஊர்களிலிருந்து வருவோருக்கு அந்த ஐம்பது மடங்கின் பொருள் நன்கு தெரியும்.

திறமைக்காக நாம் வெளியூர் நோக்க வேண்டியதில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தார் உலகெங்கும் பயன்படும் மென்பொருளைத் தென்னந்தோப்புகளுக்கிடையே எழுதுகின்றனர். நம் கணினித்துறையிலும் தேர்ந்த கைகள் உண்டு. ஒரு வேண்டுகோள்: நம் கல்லூரி இனி எந்த இணைய விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பும், முதலாண்டு மாணவர் ஐவரை, அவர்களுடைய சொந்தக் கைப்பேசியோடு உட்கார வைத்து நிரப்பச் சொல்ல வேண்டும். பேராசிரியர்கள் பின்னால் நின்று, உதவாமல், பார்க்க மட்டும் வேண்டும். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். ஐந்தருவி நாட்டில் ஐந்து பேர் கிடைக்கமாட்டார்களா?

அருவிக்கும் ஒரு பக்கம் வேண்டும். மேலே தேதியும் நேரமும் பெரிய எழுத்தில். கீழே பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்ற பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘குளிக்கலாம்’ அல்லது ‘தடை’ என்ற ஒரே சொல். காவல் பணியில் இருப்பவர் ஒருவர் வெள்ளம் மாறும்போதெல்லாம் அதை மாற்றினால் போதும். வேறொன்றும் அதில் இருக்கலாகாது.

அது வரும்வரை நான் பழைய வழிக்கே திரும்பிவிட்டேன். இந்த ஆண்டும் மாமா கேட்டார். குற்றாலம் பேருந்தில் வரும் நண்பன் ஈரத்தலையோடு வகுப்பில் நுழைந்தான். அவனைக் கேட்டுச் சொன்னேன்: “ஐந்தருவியில நல்லா விழுது, மெயினருவியில கூட்டம். வேன் பேசிருங்க மாமா.”