கடைசி வரியைக் குற்றம் சொல்லாதீர்கள்

கணினி படிக்கும் மாணவர்களுக்கு இரவு இரண்டு மணி புதிய நேரமல்ல. அப்படி ஓர் இரவில்தான், இரண்டாம் ஆண்டுக் குழுப்பணியின்போது, என் தோழியிடம் "பிழை உன் வரியில்தான் இருக்கிறது" என்று சொன்னேன். திரையும் அப்படித்தான் காட்டியது. அவர் எழுதிய 212ஆம் வரி சிவப்பாக நின்றது. அவர் அதை ஐந்து முறை திருத்தி எழுதினார். பிழை போகவில்லை. உண்மையில் தவறு செய்தவன் நான். அதுவும் அவருடைய கோப்பில் அல்ல, என்னுடைய கோப்பில்.

அந்த இரவு கற்றுக்கொண்ட பாடம் கணினிக்கு மட்டும் உரியதல்ல. ஆகவேதான் இந்த மலரில் எழுதத் துணிந்தேன். கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும், மீதியை நான் சொல்கிறேன்.

மூன்று வரி, ஓர் அரைப்புள்ளி

சி மொழியில் 'மாக்ரோ' என்று ஒன்று உண்டு. நீண்டதொரு கோவைக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். பிறகு அந்தப் பெயரை எங்கே எழுதினாலும், கம்பைலர் எனப்படும் தொகுப்பி வேலையைத் தொடங்கும் முன்னரே, முன்செயலி என்பது பெயரை எடுத்துவிட்டு முழுக் கோவையையும் அங்கே ஒட்டிவிடும். ஒட்டிய கோவைக்குள் இன்னொரு பெயர் இருந்தால் அதையும் விரிக்கும். அதற்குள் இன்னொன்று இருந்தால் அதையும் விரிக்கும்.

எங்கள் பணி ஒரு சம்பளக் கணக்கு. தோட்டத்துச் செக்ரோல் பற்றிப் பாட்டி சொன்ன கதைகள் மனத்தில் இருந்ததால் நான்தான் அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தேன். என் கோப்பில் மூன்று மாக்ரோக்கள்:

நாட்கூலி என்றால் 25;
மாதக்கூலி(நாள்) என்றால் நாட்கூலி * (நாள்)
நிகரம்(நாள்) என்றால் மாதக்கூலி(நாள்) - பிடித்தம்

தோழியின் 212ஆம் வரி இது: சம்பளம் = நிகரம்(26);

முதல் மாக்ரோவில் 25க்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி நிற்பதைக் கவனித்தீர்களா? பழக்கதோஷத்தில் நான் வைத்தது. எல்லாம் விரிந்த பிறகு தொகுப்பியின் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: சம்பளம் = 25; * (26) - பிடித்தம்;

சி மொழியில் அரைப்புள்ளி என்பது வாக்கியத்தின் முற்றுப்புள்ளி. ஆகவே 'சம்பளம் = 25' என்பதோடு ஒரு வாக்கியம் முடிந்துவிட்டது. அடுத்த வாக்கியம் நட்சத்திரக் குறியில் தொடங்குகிறது. முன்னால் எண் இல்லாத நட்சத்திரக் குறிக்கு சி மொழியில் பெருக்கல் என்று பொருளல்ல. ஒரு முகவரியில் உள்ளதை எடுத்துத் தா என்று பொருள். 26 முகவரியல்லவே! தொகுப்பி குழம்பி, நட்சத்திரக் குறி தவறான இடத்தில் நிற்கிறது என்று முறையிட்டது. அரைப்புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

(இந்தப் பெயர்களைத் தமிழிலேயே எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். 2020இல் வெளிவந்த ஜி.சி.சி. 10 தமிழ் எழுத்தில் அமைந்த பெயர்களை நேராகவே ஏற்றுக்கொள்கிறது.)

தொகுப்பி தடத்தை எப்படிக் காக்கிறது?

முன்பெல்லாம் ஜி.சி.சி. தொகுப்பி "212ஆம் வரியில் பிழை" என்று சொல்வதோடு நின்றுவிடும். விரிந்த ஒவ்வொரு சொல்லும் எந்த மாக்ரோவிலிருந்து வந்தது என்ற செய்தி அதனிடம் இல்லை. எல்லாவற்றுக்கும் விரிந்த இடத்தின் முகவரியே ஒட்டப்பட்டிருக்கும். குற்றம் முழுவதும் கடைசி வரியின் தலையில் விழும்.

2012இல் வந்த ஜி.சி.சி. 4.7 இதற்கு ஒரு வழி செய்தது. 2013இல் வந்த 4.8 அதை இயல்பாகவே இயங்க வைத்தது. அதன்படி ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு முகவரிகள் நினைவில் வைக்கப்படுகின்றன. ஒன்று அந்தச் சொல் முதன்முதலில் எழுதப்பட்ட இடம். மற்றொன்று அது விரிந்து வந்து விழுந்த இடம். கிளாங் என்ற மற்றொரு தொகுப்பியும் இப்படியே செய்கிறது. அதில் ஒரு சொல்லின் இருப்பிடம் 32 பிட் எண் ஒன்றுக்குள் அடங்குகிறது; அதில் ஒரு பிட், "இது மாக்ரோவிலிருந்து வந்தது" என்று சொல்வதற்காகவே ஒதுக்கப்பட்டுள்ளது.

ஆகவே இன்றைய ஜி.சி.சி. எங்கள் பிழையை இப்படிச் சொல்லும்: பிழை, மாதக்கூலி மாக்ரோவில் உள்ள நட்சத்திரக் குறியில். அந்த மாக்ரோ நிகரத்தில் விரிந்தது. நிகரம் 212ஆம் வரியில் விரிந்தது. கிளாங் இதையே தலைகீழாகச் சொல்லும்: முதலில் 212, பிறகு நிகரம், பிறகு மாதக்கூலி. வரிசைதான் வேறு, தடம் ஒன்றே.

அந்த இரவில் இந்தத் தடம் முழுவதும் எங்கள் திரையில் இருந்தது. நாங்கள் 212 என்ற எண்ணை மட்டும் படித்தோம். தடத்தைப் பின்பற்றி என் கோப்பைத் திறந்திருந்தால் நட்சத்திரக் குறிக்கு ஒரு வரி மேலே என் அரைப்புள்ளி நின்றிருக்கும். தடம் நம்மை வாசல்வரை கொண்டுபோய் விடும். கதவைத் திறந்து பார்க்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்றும் உண்டு. மாதக்கூலியை நான் அடைப்புக்குறிக்குள் போட்டு (நாட்கூலி * (நாள்)) என்று எழுதியிருந்தால், அடைப்புக்குறி மூடும் முன் அரைப்புள்ளி எப்படி வந்தது என்று தொகுப்பி நேராக அந்த அரைப்புள்ளியையே காட்டியிருக்கும். எல்லையை ஒழுங்காகக் கட்டினால் பிழை பிறந்த இடத்திலேயே பிடிபடும்.

அடுக்குகள் சிறியவை என்று எண்ண வேண்டாம். 2024இல் லினக்ஸ் கருநிரலில், சிறிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும் மாக்ரோ ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டதால், ஒரே ஒரு வரி ஏறக்குறைய 47 மெகாபைட் அளவுக்கு விரிந்ததைக் கண்டுபிடித்தார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு வரி. அதன் பின்னால் இருப்பது ஒரு நூலகம்.

என் அப்பாவின் பெயர்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஒரு கடனுதவிக்கு விண்ணப்பித்தேன். நிராகரித்தார்கள். என் பிறப்புப் பத்திரத்தில் உள்ள அப்பாவின் பெயர், அப்பாவின் அடையாளக் கார்டில் உள்ள பெயரோடு பொருந்தவில்லையாம். அப்பாவின் பெயர் கோவிந்தசாமி. கார்டில் அது 'கே' எழுத்தில் தொடங்குகிறது. என் பத்திரத்தில் 'ஜி' எழுத்தில் தொடங்குகிறது. "இது உங்கள் தவறு" என்றார் முகப்பில் இருந்தவர்.

அன்று அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஜாசினிலிருந்து என்னோடு வந்திருந்தார். வெளியே வந்ததும் நான், "ஏம்ப்பா, இதைக்கூடச் சரியா பாக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சொன்னது ஒரே பேருதான்டா. எழுதினவங்கதான் வேற வேற" என்றார்.

நம் பெயர்முறையை எண்ணிப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் அப்படியே விரிந்து நம் பெயருக்குப் பின்னால் வந்து நிற்கிறது. ஒரே இடத்தில் எழுதப்பட்டது பல இடங்களில் விரிகிறது. மாக்ரோ என்பது இதுதானே!

பிறகு நாங்கள் தடம் பிடித்தோம். தாத்தா தோட்டத்தில் வாயால் சொன்ன பெயரைக் கேட்டு எழுதியவர் 'கே' போட்டார். அதிலிருந்து அடையாளக் கார்டு வந்தது. நான் பிறந்தபோது அம்மாவின் கிளினிக் அட்டையில் வேறொருவர் காதில் விழுந்தபடி 'ஜி' போட்டார். அதிலிருந்து என் பத்திரமும், பின்னர் என் தங்கையின் பத்திரமும் வந்தன. அடிவரை போய்ப் பார்த்தால் அரைப்புள்ளி வைத்தவர் என்று யாருமே இல்லை! தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே 'க'தான். ஒரே எழுத்து எல்லையைத் தாண்டும்போது இரண்டாகப் பிரிந்தது. அவ்வளவே.

நான் ஒரு சத்தியப் பிரமாணக் கடிதம் எடுத்துக்கொடுத்துத் தப்பித்தேன். அது 212ஆம் வரியில் போட்ட ஒட்டு. தங்கை படிவம் ஐந்தில் இருக்கிறாள். அவளுக்கும் இதே முகப்பு காத்திருக்கிறது. ஆகவே இம்முறை ஒட்டுப்போடாமல் பத்திரத்தையே திருத்த மனுச் செய்கிறோம். தடம் பிடிப்பது யாரையும் தண்டிக்க அல்ல. எங்கே திருத்தினால் அடுத்தவருக்கும் சேர்த்துத் திருந்தும் என்பதை அறியத்தான்.

தமிழ்ப்பள்ளி என்ற கடைசி வரி

நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பு முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். படிவம் ஒன்றில் முதல் கணிதச் சோதனையில் தோற்றேன். "தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன், அப்படித்தான்" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்குப் பின்னம் நன்றாகவே தெரியும். 'பெச்சாஹான்' என்றால் பின்னம் என்பதுதான் சோதனையின் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. கோளாறு ஆரம்பப் பள்ளியிலும் இல்லை, என்னிடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

நம்மவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒருவர் தமிழ்ப்பள்ளிதான் காரணம் என்கிறார். மற்றவர் இடைநிலைப்பள்ளிதான் காரணம் என்கிறார். இருவரும் ஒரே ஒரு முகவரியைத்தான் படிக்கிறார்கள். எழுதப்பட்ட இடம், விரிந்த இடம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே பிழையைத் திருத்த முடியும். பள்ளி விட்டுப் பள்ளி போகும் அந்த எல்லையில் ஓர் அடைப்புக்குறி போட்டால், அதாவது ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களில் கணிதச் சொற்களையும் அறிவியல் சொற்களையும் இரு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், என்னைப் போன்ற எத்தனையோ பேர் முதல் சோதனையில் தலைகுனிய வேண்டியதில்லை.

கிளாங் தொகுப்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுக்குகள் ஆறுக்கு மேல் போனால் நடுவில் உள்ளவற்றை மறைத்துவிடும். முதலும் முடிவும் மட்டும் தெரியும். நம் மேடைப் பேச்சுகளும் அப்படித்தான். "தாத்தா பால்மரம் வெட்டினார், பேரன் பொறியியல் படிக்கிறான்" என்று கைதட்டுகிறோம். நடுவில் பத்து பெரெண்டாம் மின்னியல் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக் கட்டணம் கட்டிய என் அம்மாவை யார் சொல்வது? கிளாங்கில் வரம்பைச் சுழியமாக வைத்தால் எல்லா அடுக்கும் தெரியும். நாமும் அப்படி வைக்கலாம்.

நம் கழகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்துகிறோம், மகிழ்ச்சி. அவற்றோடு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மாலை, பிழைச் செய்தி படிப்பது எப்படி என்று தமிழில் சொல்லிக்கொடுப்போம். தமிழில் முடியுமா என்று கேட்காதீர்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ் நிரல்மொழியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2009லேயே வந்துவிட்டது. ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ வரும் ஒரு தம்பி, சிவப்பு வரியைக் கண்டதும் "எனக்கு இது வராது" என்று ஒதுங்காமல், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கத் தொடங்கினால் போதும்.

அந்தத் தோழியிடம் நான் மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.