“ஸ்கேன்ல ஒண்ணுமில்ல”

தம்பி பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், மயங்கவில்லை, ரத்தமும் இல்லை. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, “ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க” என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டிலும் அலுவலகத்திலும் அவனை வதைத்தோம். வதைத்தவர்களில் நானும் ஒருத்தி.

மூன்றாம் நாளே வேலைக்குப் போனான். கணக்குப் பிரிவு, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் வாரம். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஒரே பில்லை மூன்று முறை பதிந்தான். பதினொரு மணிக்கெல்லாம் தலை பிளந்தது. “ஸ்கேன் நார்மல்தானே, அப்புறம் என்ன?” என்றார் மேலாளர். நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் உடம்பிலும் ஒன்றும் இல்லை என்ற இந்த நம்பிக்கை தவறு. அவசரத்தில் எடுக்கும் சி.டி. முக்கியமாகத் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அது உயிரைக் காக்கும் சோதனை, மறுக்கவில்லை. மூளை அதிர்ச்சி (கன்கஷன்) அதில் தெரியாது. மண்டைக்குள் மூளை குலுங்கும்போது நரம்புச் செல்களின் இழைகள் இழுபடுகின்றன. பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சீராக்கச் செல்லுக்குக் கூடுதல் குளுக்கோஸ் வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. வீட்டில் லோ வோல்டேஜ் என்றால் கம்பியைப் படம் பிடித்துப் பார்த்து என்ன பயன்? மயங்கவில்லை என்பதும் ஆதாரமாகாது. மூளை அதிர்ச்சி கண்டவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

கிரிக்கெட்டிலும் இதைப் பார்த்தோம். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனையில் தேறி, திரும்பி வந்து ஆடினார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதில் லாபுஷேன் இறங்கினார். அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. பந்தை அடிப்பவருக்கு மாற்று ஆள் உண்டு என்று கிரிக்கெட் விதி சொல்கிறது. பில் அடிப்பவருக்கு எந்த அலுவலகம் சொல்கிறது?

வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடக்கச் சொல்லவில்லை. அந்தப் பழைய வைத்தியத்தை மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு, போன் திரை பார்ப்பதைக் குறைப்பது, பிறகு நடை, பிறகு அரைநாள் வேலை. தலைவலி லேசாகக் கூடினால் பரவாயில்லை. நன்றாக ஏறினால் ஒரு படி இறங்க வேண்டும். இதற்கிடையில் திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழறல், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால் பழைய ஸ்கேனை நம்பி உட்காராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அந்தச் சில வாரங்களைத்தான் நாம் கொடுக்க மறுக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டால், ஸ்கேன் படத்தோடு மட்டும் திரும்பாதீர்கள். தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளை அதிர்ச்சி என்று அவர் கருதினால் அதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஓய்வுக்காக விடுப்பு எடுத்தாலும், இ.எஸ்.ஐ. சந்தா முறையாகக் கட்டியவருக்கு, மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவி உண்டு. என் தம்பியின் சீட்டில் இருந்தது “சி.டி. நார்மல்” என்ற இரண்டே சொல்.