பெயரில்லா முகங்கள்

அயல்நாட்டில் தன்னந்தனியே உலவும் பயணி, தோளில் நிழற்படக் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு எளிய மக்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடிப்பது கலை என்று போற்றப்படுகிறது. கலையாகவே இருக்கட்டும். ஆயினும், எவருடைய வாழ்வு அது, அவருடைய இசைவைப் பெற்றாரா என்னும் வினாக்களுக்கு விடை கூறாத கலை, பறித்தலே ஆகும்.

இது இன்று தோன்றிய வழக்கமன்று. ஸ்காட்லாந்தினரான ஜான் தாம்சன் 1862-இல் கீழ்த்திசை வந்து சிங்கப்பூரிலும் பினாங்கிலும் படமெடுத்தார். பின்னர், சிங்கப்பூரின் லம்பர்ட் நிறுவனம் எடுத்த படங்கள் கடல்கடந்து விற்பனையாயின. அக்காலப் படங்களில் பெரும்பாலும் இனத்தின் பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. 1936-இல் அமெரிக்காவில் டோரதியா லாங்கே எடுத்த ஏழைத்தாயின் படம் உலகப்புகழ் பெற்றது. அத்தாய் புளோரன்ஸ் தாம்சன் என்பதை உலகம் அறிந்ததோ 1978-இல்தான். நாற்பத்திரண்டு ஆண்டுகள் முகம் வாழ்ந்தது. பெயர் மறைந்து கிடந்தது.

பீடோங் வட்டாரத் தோட்டத்திற்கு வருவோம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே விடியுமுன்பே உளி மரத்தில் பட வேண்டும். காண்டாவாளி சுமந்து வரும் பெண்ணை நிறுத்தி, "சற்றே சிரியுங்கள்" என்று கேட்பவருக்கு, அவள் நிரையில் எஞ்சியுள்ள மரங்களின் கணக்குத் தெரியுமா? 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தவர்கள் இம்மண்ணின் தொழிலாளர்கள். அவர்தம் வழிவந்தோர் காட்சிப்பொருள்கள் அல்லர்.

அப்படியாயின் படமே எடுக்கலாகாது என்பாரும் உளர். அது பேதைமை. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த பதினோராம் எண் சண்டி 2013-இல் இடிக்கப்பட்டது. இடிபடுமுன் அது நின்ற கோலத்தை இன்று காட்டுபவை பழைய படங்களே. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்டன. லயங்கள் பல தரைமட்டமாயின. படம் இல்லையேல் அவ்வாழ்வுக்குச் சான்றும் குறையும். பழுது கருவியில் இல்லை. அதனை ஏந்தும் கையின் செருக்கில் உள்ளது.

மலேசியத் தமிழரும் இச்செருக்கிற்கு விலக்கல்லர். தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா செல்வோர், கோயில் வாயிலில் கையேந்தும் மூதாட்டியை அவர் அறியாமலே படமெடுத்து வந்து ஊராரிடம் காட்டி இரங்குகின்றனர். வெள்ளையர் செய்தால் இழிவு, தமிழர் செய்தால் இரக்கமா?

செய்யத்தக்கது எளிது. முதலில் வணக்கம் கூறி இசைவு கேட்க வேண்டும். மறுத்தால் கருவியை மூடிவிட வேண்டும். இசைந்தால் பெயரையும் ஊரையும் நாளையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, படத்தின் படி ஒன்றை அவருக்கே சேர்ப்பிக்க வேண்டும். தமிழாசிரியர்கள் இதனை மாணவர்க்குப் பாடமாக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள பழைய தோட்டப் படத்தை எடுத்து, அதிலிருப்போரின் பெயர்களைப் பாட்டன் பாட்டியிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதட்டும். சொல்லக்கூடியவர்கள் உயிரோடிருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.