குளிர்ந்தோடும் இயந்திரம்

மலைநாட்டிலே பழைய மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் கொதித்தலையே பேசுவர். கினிகத்தேனை ஏற்றத்தில் றேடியேற்றர் பொங்கி, ஓடைநீர் அள்ளி ஊற்றிய கதையில்லாத பழைய மாணவர் நம்மிடையே அரியர். ஆனால் குளிரினாலும் இயந்திரம் கெடும் என்பதை எடுத்துரைப்பார் மிகச் சிலர். அதனை இம்மலரிற் சொல்லிவைத்தல் தகுமென எண்ணுகின்றோம்.

தலவாக்கலை கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்தது. இங்கு திறந்த பாத்திரத்து நீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதித்தலுக்கு அஞ்சுதல் நியாயமே. அவ்வச்சத்தினாற் செய்யும் வைத்தியந்தான் நியாயமற்றது. வண்டி ஒருமுறை கொதித்தால், "தேமோஸ்ற்றாற்றைக் கழற்றி எறியுங்கள் ஐயா" என்பது கராச் பாஸ்மார் பலரின் மாறா வாக்கு. கொதித்ததற்குக் காரணமோ பெரும்பாலும் அடைபட்ட றேடியேற்றர், அல்லது தளர்ந்த விசிறிப் பட்டி. வாயிற்காவலனை வேலைநீக்கம் செய்தாற் கள்வன் அகப்படுவானோ?

அக்காவலனின் தொழில் எளியது. இயந்திரம் சூடேறும்வரை நீரை றேடியேற்றருக்கு விடாது தடுத்து, உரிய சூட்டில் வழிதிறப்பான். அவன் இல்லாதவிடத்து நுவரெலியாவிலிருந்து இறங்கும் வண்டி மூடுபனிக்காற்றில் மேலும் மேலும் குளிர்கின்றது. குளிர்ந்த உருளையிற் பெற்றோல் முழுதும் ஆவியாகாது. சாரதி சோக்கை இழுத்தபடியே ஓட்டுவார். எரியாத பெற்றோல் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் பிறக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. அதன் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சுவர் குளிர்ந்திருந்தாலோ ஒரு பகுதி அங்கேயே படிந்து, அமிலங்களோடு கூடி இரும்பை அரிக்கும். உருளைத் தேய்வுக்கு உராய்வைவிட இவ்வரிப்பே பெருங்காரணமாதல் கூடும் என்பதை 1930களிலேயே இங்கிலாந்துப் பொறியியலாளர் ஆராய்ந்து காட்டினர். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற களி தென்படுவது பலமுறை இக்குளிரின் அடையாளமே.

நோயை அறிவது எங்ஙனம்? முதலில் வெப்பமானி உண்மை சொல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வெப்பமானியின்றியே வந்த வண்டி; பின்னர் எவரோ பூட்டியதை வேதவாக்காகக் கொள்ளலாகாது. மின்னால் இயங்கும் மானிகளுள் பெற்றோல் மானியும் வெப்பமானியும் ஒருங்கே தாழ்ந்து காட்டினால் மின்னழுத்த நிலைப்படுத்தியையே ஐயுறுக. அடுத்து, காலையிற் குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கி, றேடியேற்றரின் மேற்குழாயைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். நெடுநேரம் குளிர்ந்திருந்து, பின் திடீரெனச் சுடுமாயின் தேமோஸ்ற்றாற் நலமே. தொடக்கமுதல் மெல்லமெல்லச் சூடேறினால் அது திறந்தபடி சிக்கியது, அல்லது அங்கே இல்லை. ஐயம் தீராவிடின் அதனைக் கழற்றி, நூலிற் கட்டி, வெப்பமானியோடு நீர்ப்பாத்திரத்தில் தொங்கவிட்டுக் காய்ச்சுக. கல்லூரி விஞ்ஞானகூடத்து மாணவர் செய்துபார்க்கத்தக்க நல்ல பரிசோதனை இது.

இதெல்லாம் பழைமை விரும்பிகளின் பொழுதுபோக்கு எனச் சிலர் நகைக்கலாம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீளத் திறக்கும்வரை, பழைய வண்டிகளே பலருக்குக் கதியாயின. 2022 யூனிற் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவை எட்டியது. பின்னர்ப் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. அந்நாளிற் சோக்கிலே ஓடிய வண்டி தன் பங்கை வீணே குடித்தது. நள்ளிரவில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி லிந்துலை வைத்தியசாலைக்குப் புறப்படும் கார் ஏற்றத்தில் இருமி நின்றுவிடுவது நகைக்கும் விடயமாமோ?

புதிய தேமோஸ்ற்றாற் வாங்குவோர் அதில் பொறித்துள்ள எண்ணைப் பார்க்க. 74, 82, 88 பாகைகளிற் திறப்பவை உண்டு. கொழும்பு வெயிலுக்கு 74 பொருந்தலாம். நமது பகுதிக்கு 82 ஐயே பரிந்துரைப்போம். அதனைப் பூட்டும் நாளிலேயே றேடியேற்றரையும் கழுவித் துப்புரவாக்குக. பழைய எண்ணெயிற் பெற்றோல் மணந்தால் அதையும் வடித்து மாற்றிவிடுக.