கணக்கு சொன்னது குத்தமா?

எங்க செம்மேட்டுல சீரியஸ் கேஸுன்னா 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். அதுக்கே மனசு பதறும். இறங்க வழியே இல்லைன்னா?

2009 வன்னியில அதான் நிலைமை. சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா... மூணு பேருமே இலங்கை அரசாங்க டாக்டருங்க. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில ஷெல் விழுந்த பிறகும் ஓடலை. பள்ளிக்கூடத்துல வச்சு வைத்தியம் பார்த்தாங்க. மயக்க மருந்துக்கே தட்டுப்பாடு. எத்தனை பேர் செத்தாங்கன்னு வெளிநாட்டு நிருபர்களுக்கு ஃபோன்ல சொன்னாங்க. மே மாசம் வெளிய வந்ததும் கைது.

ஜூலை 8, கொழும்புல பத்திரிகைக்காரங்க முன்னாடி உட்கார வச்சாங்க. சொன்னதெல்லாம் மிகைன்னாங்க. காவல்ல இருக்கிறவர் வேற என்னங்க சொல்லுவார்? பிணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஃபோன்ல சொன்னாங்களே, எனக்கு அந்தக் கணக்குதான் கணக்கு.