முன்வாசல்ல நம்ம பசங்க... பின்வாசல்ல யாரு?

திருவண்ணாமலை மாவட்ட மைய நூலகத்துல உக்காந்து யூபிஎஸ்சி-க்குப் படிக்கிற பசங்களுக்கு பிரிலிம்ஸ், மெயின்ஸ், இன்டர்வியூனு மூணு கட்டம். ஐஏஎஸ் ஆனாலும் இணைச் செயலாளர் நாற்காலிக்கு 15 வருஷத்துக்கு மேல ஆகும்.

ஆனா 2024 ஆகஸ்ட் 17-ல வந்த லேட்டரல் என்ட்ரி விளம்பரம்? 45 பதவி. எழுத்துத் தேர்வு இல்ல. இடஒதுக்கீடு பூஜ்ஜியம்!

ஒவ்வொன்னும் "தனிப் பதவி"யாம், அதனால ஒதுக்கீடு பொருந்தாதாம். 45-ஐயும் சேர்த்துக் கணக்கு போடுங்க: 27% படி ஓபிசி-க்கு 12, 15% படி எஸ்சி-க்கு 6. அது யார் வீட்டுக்குப் போகுது?

நிபுணர் வேணுமா, தாராளமா எடுங்க. எங்க மக்கள்ல நிபுணரே இல்லையா?

அமெரிக்காவுல ஜெயிச்ச கட்சி தன் ஆளுங்களுக்கு அரசு வேலையைப் பங்கு போட்ட காலம் உண்டு. வேலை கிடைக்காத ஒருத்தன் 1881-ல அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். அப்புறம்தான் 1883-ல பெண்டில்டன் சட்டம், தேர்வு முறை. நம்ம மண்ணுல 1921-லயே நீதிக்கட்சி வகுப்புவாரி ஆணை போட்டாச்சு!

எதிர்ப்பு கிளம்பினதும் மூணே நாள்ல விளம்பரம் வாபஸ். ஆனா 2018-லருந்து 63 பேர் இந்த வழியில ஏற்கனவே உள்ள போயாச்சு. விளம்பரம்தான் போச்சு, கதவு இன்னும் திறந்தேதான் இருக்கு.

இடஒதுக்கீடு இல்லாத நியமனம் எந்தப் பேர்ல வந்தாலும் எதிர்ப்போம். பகிருங்கள் தோழர்களே!

#சமூகநீதி #பின்வாசலைமூடு